ஐந்தில் ஒரு கண்ணாடி

ஒரு சின்ன மீன் தொட்டிக்கு ஐந்து கண்ணாடிகள். அடியில் ஒன்று, சுற்றிலும் நான்கு. அதில் ஒன்று விரிசல் விட்டாலும் மீதி நான்கும் நேற்று இருந்தபடியேதான் இருக்கின்றன. உடைந்ததைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை ஒட்டினால் தொட்டி மறுபடியும் தண்ணீர் தாங்கும். இதில் குழப்பமான கணக்கு ஏதுமில்லை. ஆனால் இன்று யாரிடம் சொன்னாலும், "எதுக்கு இவ்வளவு வேலை, புதுசே வாங்கிடலாமே" என்கிறார்கள்.

எங்கள் குடும்பத்தில் இரண்டு காலத்திலும் தொட்டி உடைந்திருக்கிறது. எழுபதுகளில் பெரம்பூரில் அப்பாவின் இரும்புச் சட்டத் தொட்டி. அண்மையில் பேத்தியின் முழுக் கண்ணாடித் தொட்டி. இரண்டையும் சரிசெய்தபோது கூடவே இருந்தவள் நான். அப்பா காலத்தில் ஒரு கண்ணாடியை மாற்றுவது பெரும்பாடு. ஆனாலும் தொட்டி வைத்திருந்தவர்கள் எல்லோரும் மாற்றினார்கள். இப்போது அது எவ்வளவோ சுலபம், மாற்றுகிறவர்களைத்தான் காணவில்லை. இது எப்படி நேர்ந்தது என்று எனக்குப் புரிந்தவரை எழுதிவைக்க விரும்புகிறேன்.

அப்பா பெரம்பூர் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். மீன் ஆசை அவருக்குத் தாத்தாவிடமிருந்து வந்தது. மெரினா கடற்கரையில் 1909-இல் திறந்த மீன் காட்சிச்சாலையைத் தாத்தா சின்ன வயதில் பார்த்திருக்கிறார். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் முயற்சியில் உருவான இடம் அது. இரண்டாம் உலகப் போர் வந்தபோது அதை மூடிவிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மீன் நம் கண் உயரத்தில் நீந்துவதைத் தாத்தா சொல்லிச் சொல்லியே அப்பாவுக்கும் அந்த ஆசை ஒட்டிக்கொண்டது.

மீன் வாங்க மூர் மார்க்கெட்டுக்குப் போவோம். பெரம்பூரில் ரயிலேறினால் பேசின் பிரிட்ஜ் தாண்டி சென்ட்ரல். பக்கத்திலேயே 1900-இல் திறந்த அந்தச் செந்நிறக் கட்டடம். ஒரு பக்கம் பழைய புத்தகங்கள், இன்னொரு பக்கம் கிளி, புறா, முயல், மீன். கப்பியும் மோலியும் வாங்கி, வீட்டிலிருந்து எடுத்துப்போன ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு, ரயிலில் மடியில் வைத்தபடி வருவேன். 1985 மே மாதம் அந்த மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தது. புறநகர் ரயில்களுக்கான நிலையம் இப்போது அந்த இடத்தில் இருக்கிறது.

மீன் கடையில் கிடைக்கும். தொட்டியை நாமேதான் கட்ட வேண்டும். அப்பா பழைய இரும்புக் கடையில் ஆங்கிள் வாங்கி, தெருமுனை வெல்டிங் பட்டறையில் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத்துக்குச் சட்டம் அடித்துக்கொண்டார். அந்தச் சட்டத்துக்குள் ஐந்து கண்ணாடிகளை உட்காரவைத்து, இரும்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே மக்கு திணிப்பது அந்தக் காலத்து முறை. சாக் பவுடரையும் லின்சீட் ஆயிலையும் சேர்த்துப் பிசைந்தால் மக்கு. ஜன்னலுக்குக் கண்ணாடி பொருத்தும் தச்சர்கள் பயன்படுத்துகிற அதே பொருள்தான். தண்ணீருக்குள் சீக்கிரம் இறுகுவதற்கு ரெட் லெட் என்ற செந்நிற ஈயப் பொடியையும் கொஞ்சம் கலப்பார்கள். இன்று அந்தப் பொடியின் பக்கம் யாரையும் நான் போகவிட மாட்டேன். ஈயம் எவ்வளவு பெரிய நஞ்சு என்று அப்போது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

அந்தத் தொட்டியை உடைத்தது துரு. துருப்பிடித்தால் இரும்பு தேய்ந்து குறையும் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்போம். குறைவதற்கு முன் அது பருக்கும். துரு, தான் உண்டான இரும்பைவிடச் சில மடங்கு அதிக இடம் எடுத்துக்கொள்ளும். சட்டத்தின் கீழ் மூலையில் ஈரம் தங்கித் தங்கி இரும்பு உப்பியது. உப்பிய இரும்பு கண்ணாடியின் விளிம்பை உள்ளே நெம்பியது. ஒரு காலையில் முன்பக்கக் கண்ணாடியில் மூலையிலிருந்து மேல்நோக்கிக் கோடு ஓடியிருந்தது. அதன் வழியாகத் தண்ணீர் கசிந்து மேசை விரிப்பை நனைத்திருந்தது.

மீன்களை எங்கே வைப்பது என்பது முதல் கேள்வி. பாட்டி பித்தளை அண்டாவைத் தேய்த்துக் கொண்டுவந்தாள். அப்பா வேண்டாம் என்று தடுத்தார். பித்தளையில் செம்பு இருக்கிறது. தண்ணீரில் சிறிதளவு செம்பு கரைந்தாலும் மீனுக்கு ஆகாது. கடைசியில் வாய் அகன்ற மண் தாழிக்கு மீன்கள் குடிபோயின. தொட்டித் தண்ணீரையே அதில் ஊற்றினார்கள்.

அடுத்தது கண்ணாடிக் கடை பாய். முருகன் படம், வேளாங்கண்ணி மாதா படம், மெக்கா படம் என்று எல்லா வீட்டுப் படத்துக்கும் சட்டம் போட்டுக் கொடுப்பவர். அப்பா அளவைச் சொன்னதும் அவர் கேட்டது, "தண்ணி நிக்கணுமா அண்ணே?"

"ஆமா பாய், மீன் தொட்டிக்கு."

"அப்ப ஜன்னல் கண்ணாடி தாங்காது. மேசைக்கு வெட்டுன தடிமன்ல ஒரு துண்டு கெடக்குது, அதுல எடுத்துத் தரேன்."

"சட்டத்துக்கு ரெண்டு நூல் கம்மியா வெட்டுங்க. மக்குக்கு எடம் வேணும்."

தச்சர்களுக்கும் கொத்தனார்களுக்கும் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். பாய் அந்தக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து அதன் வழியே தெருவைப் பார்த்தார். அந்தக் காலத்துக் கண்ணாடியில் அலை இருக்கும். தலையை அசைத்தால் எதிர்வீட்டுக் கதவு நெளியும். நெளிவு குறைந்த பகுதியைத் தேடி, வைர முனையை மண்ணெண்ணெயில் தொட்டு, மரச் சட்டத்தை வைத்து ஒரே இழுப்பு. இரண்டாம் முறை அதே கோட்டில் முனையை ஓட்டமாட்டார். பிறகு அடியிலிருந்து மெல்லத் தட்டி, இரண்டு கையாலும் பிடித்து மடக்கினார். கோட்டோடு கோடாகக் கண்ணாடி பிரிந்தது. விளிம்பைச் சாணைக்கல்லில் தேய்த்து, "பாப்பா, இப்ப தொடலாம்" என்று என்னிடம் கொடுத்தார். கண்ணாடியின் ஓரத்தைத் தொட எனக்கு அனுமதி கிடைத்தது அப்போதுதான்.

உண்மையான சிரமம் அதன் பிறகு. பழைய மக்கு கல்லாகியிருந்தது. அதை உளியால் கொத்தி எடுக்கும்போது பக்கத்துக் கண்ணாடிக்கு அடி படக்கூடாது. துருவைச் சுரண்டி, சட்டத்துக்குச் சாயம் பூசி, காயவைத்து, புது மக்கை உருட்டி ஆங்கிளின் உள்பக்கம் நீளமாக அப்ப வேண்டும். கண்ணாடியை உள்ளிருந்து வெளிப்பக்கமாக அழுத்தி உட்கார்த்தி, எதிரெதிர்க் கண்ணாடிகளுக்கு நடுவே மூங்கில் சிம்புகளை முட்டுக்கொடுத்தார் அப்பா. பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். தண்ணீரின் பாரமே கண்ணாடியை மக்கோடு சேர்த்து அழுத்தும். பிதுங்கி வரும் மக்கைக் கத்தியால் வழித்துவிடலாம். அந்தத் தொட்டியில் ஓட்டையை அடைத்ததும் தண்ணீர், அடைப்பை இறுக்கியதும் தண்ணீர். ஒருமுறை காலி செய்து வெயிலில் காயவிட்டால் மக்கு வெடித்து மறுபடியும் ஒழுகும். அதனால் அந்தத் தொட்டியை யாரும் காலியாக வைக்கமாட்டார்கள்.

முதல் நாள் நாலா பக்கமும் கசிந்தது. இரண்டாம் நாள் இரண்டு இடத்தில். கசிவு நின்ற பிறகு தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தது. அது மேற்பரப்பை மூடினால் காற்று தண்ணீரில் கரையாது. நாளிதழ்த் தாளை மேலே பரப்பிச் சட்டென்று எடுத்தால் படலம் தாளோடு வந்துவிடும். அதை என்னிடம் விட்டிருந்தார்கள். தண்ணீரையும் சில தடவை மாற்ற வேண்டியிருந்தது. குழாயில் சில மணி நேரமே தண்ணீர் வந்த ஊரில் அது சாதாரண விஷயம் அல்ல. மாற்றிய தண்ணீரில் சொட்டுகூட வீணாகாமல் மாடிக் கனகாம்பரத்துக்குப் போகும். இத்தனைக்கும் வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை. தாழியில் மீன் இருக்கிறது, தொட்டி தயாராகிக்கொண்டிருக்கிறது என்ற அளவில் அது தினசரி வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

அந்தக் காலத்தை நான் உயர்த்திப் பேசவில்லை. அன்றைய தொட்டி மோசமான தொட்டி. இரும்பு துருப்பிடித்தது, மக்கு ஒழுகியது, ஈயம் நஞ்சாக இருந்தது. அப்பாவின் திறமையில் பெரும்பகுதி, நம்பமுடியாத பொருளை எப்படியோ நம்பும்படி ஆக்குவதில் செலவானது.

அதன் பிறகு வந்த மாற்றங்கள் எல்லாமே நல்லவை. மேல்நாடுகளில் அறுபதுகளிலேயே சிலிக்கான் பசையால் கண்ணாடியோடு கண்ணாடியை நேரடியாக ஒட்டித் தொட்டி செய்யத் தொடங்கிவிட்டார்கள். சட்டம் தேவையில்லை, மக்கு தேவையில்லை. கண்ணாடியில் பெரும்பகுதி சிலிக்கா. சிலிக்கான் பசையின் மூலக்கூறுகள் அந்தப் பரப்போடு வேதிப்பிணைப்பே ஏற்படுத்திக்கொள்கின்றன. காய்ந்த பிறகும் ரப்பராக இழுபடும். அதனால் தண்ணீர் பாரத்தில் கண்ணாடி இம்மி வளைந்தாலும் ஒட்டு பிரியாது. முழுதாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரில் எதுவும் கரையாது, மீனுக்குத் தீங்கில்லை.

கண்ணாடியும் மாறியது. உருகிய வெள்ளீயத்தின் மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டுத் தகடாக்கும் முறையைப் பிரிட்டனின் பில்கிங்டன் நிறுவனம் 1959-இல் உலகுக்கு அறிவித்தது. அப்படி வரும் தகட்டின் இரண்டு பக்கமும் நெளிவில்லாமல் சமமாக இருக்கும். இன்று சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரிலேயே அந்தக் கண்ணாடி தயாராகிறது. செயின்ட் கோபேன் ஆலை அங்கே 2000-இல் உற்பத்தியைத் தொடங்கியது. பாய் சாய்த்துப் பார்த்துத் தேடிய அந்த நெளிவற்ற துண்டு, இன்று எந்தக் கண்ணாடிக் கடையிலும் எந்த மூலையிலும் கிடைக்கும்.

மூர் மார்க்கெட் போன பிறகு வண்ண மீன் வியாபாரம் வடசென்னையின் கொளத்தூரில் வேரூன்றியது. தெருத் தெருவாகக் கடைகள். வீட்டு மாடியில், கொல்லையில், சிமெண்ட் தொட்டிகளில் மீன் வளர்க்கும் குடும்பங்கள். கொளத்தூர் மீன் இந்தியா முழுக்கப் போகிறது. மீனோடு சேர்ந்து தொட்டி கட்டும் தொழிலும் வளர்ந்தது. கண்ணாடியை வெட்டி, ஐந்தையும் நிறுத்தி, சிலிக்கான் இழுத்து, கொஞ்ச நேரத்தில் ஒரு தொட்டி கட்டி முடிக்கிற கைகள் அங்கே இருக்கின்றன. அவர்கள் வேலை செய்வதை நின்று பார்ப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும்.

பேத்தியின் தொட்டியும் கொளத்தூரில் வாங்கியதுதான். அதுவும் அப்பாவின் தொட்டி அளவே. அதில் கோல்டு ஃபிஷ். அந்த மீனுக்கு மண்ணைக் கிளறித் தின்னும் பழக்கம். கிளறக் கிளற, கூழாங்கற்கள் மேல் நின்ற அலங்காரக் கல்லுக்கு அடியில் பிடிமானம் போய், ஓர் இரவு அது சரிந்து பக்கக் கண்ணாடியில் மோதியது. கீழே ஒரு நட்சத்திர விரிசல், அதிலிருந்து விளிம்பு வரை ஒரு கோடு.

மகன் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதே சைஸ் நாளைக்கே வீட்டுக்கு வந்துரும்" என்றான். பக்கத்துக் கடையில் கேட்டபோதும் அதே பதில்: "உடைஞ்சதை யாருமா ஒட்டுவாங்க? புதுசு எடுத்துக்கோங்க." இருவரும் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் என் கண் அந்த நான்கு கண்ணாடிகளின் மேலேயே இருந்தது. அவற்றில் ஒரு கீறல் இல்லை.

விரிசலின் மேல் பசை தடவினால் போதாதா என்று பேத்தி கேட்டாள். போதாது. 1921-இல் ஏ. ஏ. கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கண்ணாடி இழைகளை இழுத்து உடைத்துப் பார்த்து ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார்: கண்ணாடியின் பலத்தைத் தீர்மானிப்பது அதிலுள்ள மிகச் சிறிய கீறல்கள். இழுவிசை முழுவதும் விரிசலின் கூர் முனையில் குவிகிறது. அதனால்தான் கண்ணாடி கீறலிலிருந்து பிளக்கிறது. வெளியே பசை பூசினாலும் அந்த முனை உள்ளே அப்படியே இருக்கும். உள்பக்கம் ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டினால் தண்ணீர் பாரமே அதை விரிசலோடு சேர்த்து அழுத்திப்பிடிக்கும். சில நாள் தாக்குப்பிடிக்க அது உதவும். நிலைத்து நிற்க வேண்டுமானால் கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும்.

தண்ணீர் எவ்வளவு தள்ளும் என்பதையும் அவளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 2 கன அடி தொட்டி விளிம்பு வரை நிறைந்தால் ஏறத்தாழ 57 லிட்டர், அதாவது 57 கிலோ. 1 அடிக்கு 1 அடி பக்கக் கண்ணாடியின் மேல் அந்தத் தண்ணீர் கிட்டத்தட்ட 14 கிலோ விசையில் சாய்கிறது. முன்பக்கக் கண்ணாடியில் அதன் இரு மடங்கு. தொட்டியின் நீளத்தை எவ்வளவு கூட்டினாலும் பக்கக் கண்ணாடியின் சுமை கூடாது; தண்ணீரின் உயரம் கூடினால்தான் கூடும். எட்டாம் வகுப்புப் பாடத்தில் படித்ததுதான் என்றாலும், தன் தொட்டியில் அதைக் கண்டபோது அவள் முகம் மாறியதைப் பார்த்தேன்.

மீன்களைப் பெரிய பிளாஸ்டிக் வாளிக்கு மாற்றினோம். தொட்டித் தண்ணீரும் காற்று மோட்டாரும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் கூடவே போயின. ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவக்கூடாது. மீன் கழிவின் அம்மோனியாவைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் அதில்தான் வாழ்கின்றன. குளோரின் பட்டால் செத்துவிடும். வாளியின் மேல் கொசுவலைத் துண்டு. மீன்களுக்கு அந்த ஏற்பாட்டில் குறையொன்றும் இருக்கவில்லை.

பிறகு தொட்டியைக் காலி செய்து, துடைத்து, காயவைத்தோம். புது பிளேடை ஒட்டின் உள்ளே செலுத்தி மேலிருந்து கீழே அறுத்தோம். பிளேடு எட்டாத அடி இணைப்பில் மெல்லிய இரும்புக் கம்பியை நுழைத்து ரம்பமாக இழுத்தோம். விரிசல் விட்ட கண்ணாடி கையில் நொறுங்காமல் இருக்க அதன் மேல் குறுக்கும் நெடுக்கும் டேப் ஒட்டியிருந்தோம். தடித்த கையுறைகளோடு அசைத்தபோது கண்ணாடி முழுதாக வந்துவிட்டது. உளி இல்லை, கொத்தல் இல்லை. அப்பா நாள்கணக்கில் செய்த வேலை ஒரு மாலைப் பொழுதுக்குள் அடங்கிவிட்டது.

அளவெடுப்பதில் கவனம் வேண்டும். இந்த மாதிரித் தொட்டியில் பக்கக் கண்ணாடி, முன்பின் கண்ணாடிகளுக்கு நடுவே நிற்கிறது. ஆகவே வெளி அகலம் 305 மில்லிமீட்டர் என்றால், இருபுறமும் 5 மில்லிமீட்டர் கண்ணாடித் தடிமன் போக 295. பசை நிற்க இருபுறமும் ஒவ்வொரு மில்லிமீட்டர் விட்டால் 293. கண்ணாடியும் கண்ணாடியும் நேராக முட்டக்கூடாது. நடுவில் பசை நின்றால்தான் அது இழுபட்டுக் கொடுக்கும். அப்பா மக்குக்கு விட்ட ரெண்டு நூல் இங்கே இருபுறமும் சேர்த்து 2 மில்லிமீட்டராகிவிட்டது. கண்ணாடிக் கடைத் தம்பி அஞ்சு எம்.எம். தகட்டில் வெட்டி, விளிம்பை இயந்திரத்தில் மழுக்கிக் கொடுத்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் சமரசம் கூடாது: பழைய சிலிக்கானை முழுவதும் எடுத்துவிட வேண்டும். காய்ந்த சிலிக்கானின் மேல் புது சிலிக்கான் சரியாகப் பிடிக்காது. பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்து, மறுபடியும் சுரண்டி, மறுபடியும் துடைக்க வேண்டும். விரலை வைத்து இழுத்தால் கண்ணாடி கீச்சிட வேண்டும். இந்த வேலையைப் பேத்தி யாரும் சொல்லாமலே கையில் எடுத்துக்கொண்டாள். சுரண்டியதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மிச்சமிருந்த மெல்லிய படலத்தைத் தேடிப் பிடித்தாள்.

பசையைத் தேர்ந்தெடுக்கும்போதும் எச்சரிக்கை தேவை. குளியலறைக்கென்று விற்கும் சிலிக்கான்களில் பூஞ்சைக்கு எதிரான மருந்து கலந்திருக்கும். அது மீனைக் கொல்லும். மீன் தொட்டிக்கு ஏற்றது என்று டியூபிலேயே அச்சிட்டிருப்பதைத்தான் வாங்க வேண்டும். ஒட்டும் இடத்துக்கு இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, விளிம்புகளில் பசை இழுத்து, கண்ணாடியை நிறுத்தி அழுத்தி, வெளியே டேப்பால் கட்டி, உள்மூலைகளில் இன்னொரு கோடு இழுத்து, ஈர விரலால் ஒரே ஓட்டமாக வழித்தோம். மேலே தோல் கட்டுவதற்குள், சில நிமிடங்களிலேயே, மாஸ்கிங் டேப்பை உரித்துவிட வேண்டும். அறை முழுக்கப் புளித்த காடி வாசனை. காயும்போது அந்தப் பசையிலிருந்து அசிட்டிக் அமிலம் வெளியேறுகிறது.

அதற்குப் பிறகு காத்திருப்பது. இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும். நாளொன்றுக்கு 2, 3 மில்லிமீட்டர் ஆழம்தான் காயும். சென்னையின் புழுக்கம் நம்மைப் படுத்தினாலும் சிலிக்கானுக்கு அது அனுகூலம். ஆனாலும் காடி வாசனை அறவே போகும்வரை, ஒரு வாரம் விடுவதுதான் பாதுகாப்பு. தினமும் பள்ளி விட்டு வந்ததும் பேத்தி முதலில் தொட்டியை முகர்ந்து பார்ப்பாள், பிறகு வாளியில் தண்ணீர் கொஞ்சம் மாற்றுவாள். மகன் ஆரம்பத்தில், "இன்னும் ஆகலையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். நாலைந்து நாளில் அவனும் குனிந்து முகர ஆரம்பித்தான்.

வாசனை போனதும், சமதளமான தரையில் நாளிதழ் விரித்துத் தொட்டியை வைத்தோம். முதலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், பிறகு பாதிக்கு மேல், பிறகு முழுதாக. கசிந்தால் தாள் காட்டிக்கொடுத்துவிடும். தாள் உலர்ந்தே இருந்தது. அப்பாவின் தொட்டி ஒருபோதும் இந்தச் சோதனையில் முதல்நாளே தேறியதில்லை. எங்கள் கைவேலை அவர் கைவேலையைவிடச் சிறந்தது என்று பொருளில்லை. எங்களுக்குக் கிடைத்த கண்ணாடியும் பசையும் அவருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அந்த மனிதர் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்.

மொத்தச் செலவு புதுத் தொட்டியின் விலையில் ஒரு சிறு பகுதி. ஆனால் காசுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தூக்கிப்போட்ட தொட்டி எங்கே போகிறது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். உடைந்த கண்ணாடி குப்பையில் கலந்தால் அதை முதலில் தொடுவது தூய்மைப் பணியாளரின் கை. உடைந்த ஒன்றைத் தடித்த தாளில் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று கொட்டை எழுத்தில் எழுதித் தனியாகக் கொடுத்துவிடலாம். தொட்டியையே தூக்கிப் போடுகிறவர்கள் ஐந்தையும் அப்படிச் சுற்றிக் கொடுப்பதை நான் பார்த்ததில்லை. அதோடு, மணலை 1500 டிகிரிக்கு மேல் உருக்கிச் செய்த பொருள் அது. அந்த நெருப்பில் பிறந்த நான்கு நல்ல தகடுகளைக் கீறல் விழுவதற்கு முன்பே குப்பையாக்குவது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

மீனுக்குத் தீனி வாங்கக் கொளத்தூர் போனபோது, தொட்டி கட்டும் தம்பி ஒருவரிடம் நேரடியாகவே கேட்டேன். "ஏன் தம்பி, உடைஞ்ச கண்ணாடியை மட்டும் மாத்திக் கொடுக்க மாட்டீங்களா?"

அவர் சிலிக்கான் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "கட்டறவனுக்குப் பிரிக்கத் தெரியாதாம்மா? தாராளமா செய்யலாம். யாரும் கேக்கறதில்ல. ஒண்ணு ரெண்டு பேரு கேட்டாலும், காய ஒரு வாரம் ஆகும்னு சொன்னா, அப்ப புதுசே குடுங்கன்னுடறாங்க."

எனக்குப் புரியாமல் இருந்தது அந்தப் பதிலில் புரிந்தது. கண்ணாடி இருக்கிறது, பசை இருக்கிறது, வேலை தெரிந்த கை இருக்கிறது. அப்பா காலத்தில் இந்த மூன்றுமே அரைகுறை. அன்று தாராளமாக இருந்தது காத்திருக்கும் மனம்; இன்று கடையில் கிடைக்காத ஒரே பொருளும் அதுதான். பொருள்கள் எவ்வளவுக்கு எவ்வளவு சீக்கிரம் வாசலுக்கு வருகின்றனவோ, அவ்வளவுக்கு அவ்வளவு ஒரு வாரம் நமக்கு நீளமாகத் தெரிகிறது. ஆனால் அந்த ஒரு வாரத்தில் நம் கைக்கு வேலையே இல்லை. பசை தானாகக் காய்கிறது. மீன்கள் வாளியில் நன்றாகவே இருக்கின்றன. அந்த ஒரு வாரத்தில்தான் ஒரு குழந்தை தன் வீட்டுப் பொருள் எப்படி நிற்கிறது, ஏன் உடைந்தது, எப்படி மறுபடியும் நிற்கும் என்று தெரிந்துகொள்கிறது.

வீட்டில் செய்ய முடியாதவர்கள் கொளத்தூரில் போய்க் கேளுங்கள். ஒரு வாரம் ஆகும் என்பார்கள். சரி என்று சொல்லிவிட்டு வாருங்கள். நாலு பேர் அப்படிச் சொன்னால், தொட்டி விலைப் பலகையின் கீழே கண்ணாடி மாற்றும் கூலியும் ஒரு வரியாக ஏறும். அந்த வரி ஏறிவிட்டால், அந்த வேலையைக் கற்றுக்கொள்ள அடுத்த தலைமுறைப் பிள்ளைகளும் வருவார்கள்.